தொட்டித் தண்ணீர் பால் மாதிரி இருக்கே, ஏன்?

மீன் வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கலங்கல் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை. ‘தண்ணீர் கலங்கியிருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் காரணத்தைச் சொல்ல முடியாது. கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பிறகு மூடி, ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் தூசி. கல்லைச் சரியாகக் கழுவவில்லை. வெண்மை அப்படியே நின்றால் பாக்டீரியா. பச்சை தட்டினால் பாசி. டிக்காஷன் நிறத்தில் இருந்தாலும் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தால் மரக்கட்டையின் சாயம். அடியில் துருப்பொடி படிந்தால் இரும்பு. எல்லாவற்றையும் கலங்கல் என்றே சொல்கிறோம், ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

கேள்வி: 2 அடி தொட்டி வாங்கி 8 நாள் ஆகிறது. முதல் நாளே 8 மோலி, 4 டெட்ரா விட்டேன். 3ஆம் நாளிலிருந்து தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது. மூன்று தடவை முழுத் தண்ணீரையும் மாற்றிவிட்டேன், மறுநாளே திரும்பக் கலங்குகிறது. கடையில் ஒரு நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: ஊற்றாதீர்கள். நீல மருந்து என்று கிடைப்பது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும், முட்டை கெடாமல் இருப்பதற்கும் நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் தொட்டியில் இப்போதுதான் துளிர்க்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும். ஓரத்து சிலிக்கான் ஒட்டு நீலமாகி அப்படியே நின்றுவிடுவது தனி.

புதுத் தொட்டியில் இரண்டு வகை பாக்டீரியா குடியேறும். ஒன்று, மிச்சத் தீனியையும் மீன் கழிவையும் தின்று, தண்ணீரில் மிதந்தபடியே பெருகும். சூழல் ஒத்துவந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். நீங்கள் பார்க்கும் பால் நிறம் இதுதான். மற்றது, மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி, அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் வகை. இது மிதக்காது, கல், ஸ்பான்ஜ், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். முதல் வகைக்குத் தீனி தீர்ந்தால் தானாக மடிந்து தண்ணீர் தெளியும். நீங்கள் முழுத் தண்ணீரையும் மாற்றும்போது மிதப்பவை போய்விடும். ஆனால் கல்லுக்கு அடியில் சிக்கிய தீனி அங்கேயே இருக்கிறது. மிஞ்சிய கொஞ்சம் பாக்டீரியா போட்டியே இல்லாமல் மறுபடி பெருகுகிறது. மூன்று தடவை மாற்றி, மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: ஏர் ஸ்டோனை (ஏர் பம்பின் காற்றைக் குமிழாக விடும் கல்) 24 மணி நேரமும் ஓட விடுங்கள். மிதக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை ஏகத்துக்கும் இழுக்கும், கலங்கலைவிட அதுதான் மீனுக்கு ஆபத்து. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற மாதிரி. ஃபில்டரில் பஞ்சை அடைத்தாலும் இது நிற்காது. பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு, பஞ்சின் இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரியது. நோய் இல்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பாட்டிலில் விற்கும் எதையும்விட இதற்குத்தான் எங்கள் ஓட்டு.

இப்படி விட்டால் வெண்மை 4 முதல் 10 நாளில் போய்விடும். ஆனால் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியா முழுசாக நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒரு முறை அம்மோனியா சோதித்து, 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தாண்டினால் 25 சதவீதம் மாற்றுங்கள். உங்கள் தொட்டி 24 × 12 × 12 அங்குலம் என்றால், மூன்றையும் பெருக்கி 61ஆல் வகுத்தால் 57 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 48 லிட்டர் நிற்கும். எனவே 25 சதவீதம் என்பது 12 லிட்டர், ஒரு பக்கெட்தான். 8 நாள் தொட்டிக்கு 12 மீன் அதிகம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் பாதியைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வாங்குங்கள்.

கேள்வி: போர் தண்ணீர் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. தொட்டியில் ஊற்றி 4 மணி நேரத்தில் மஞ்சளாகி, கண்ணாடியில் பழுப்பாகப் படிகிறது. ஃபில்டர் கோளாறா?
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: ஃபில்டர் மேல் குற்றமில்லை. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்திருக்கும். மேலே வந்து காற்று பட்டதும் துருவாக மாறிப் பிரிகிறது. உங்கள் ஏர் பம்ப் நன்றாக வேலை செய்வதால்தான் 4 மணி நேரத்திலேயே நிறம் மாறுகிறது. இந்தத் துருத்தூள் மீனின் செவுளில் படியும். அதனால் அந்த மாற்றம் தொட்டிக்குள் நடக்கக் கூடாது, வெளியில் நடக்க வேண்டும்.

ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் நன்றாகக் கொதிக்கிற மாதிரி ஓட விடுங்கள். பிறகு நிறுத்தி, 6 மணி நேரம் படிய விடுங்கள். பழைய வேட்டியை நான்காக மடித்து அதன் வழியே, அடி இரண்டு அங்குலத்தைத் தொடாமல், டியூபால் இறக்குங்கள். போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்தால் இரண்டும் சரியாகும், பி.ஹெச்.சும் (அமில-கார அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம்) அதன் உண்மையான அளவுக்கு ஏறி நிற்கும்.

சிலர் போர் தண்ணீர் ஊற்றியதும் வெள்ளையாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக்குமிழ், சில நிமிடத்தில் போய்விடும். வெள்ளைத் தூள் அடியில் தங்கினால் சுண்ணாம்பு. வினிகர் இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துக் கரையும்.

கேள்வி: ஆற்றுத் தண்ணீருக்குப் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறோமே, தொட்டிக்கும் போட்டால் என்ன? எங்கள் பாட்டி தேத்தாங்கொட்டையைச் சொல்கிறார்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாட்டி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைக்கும்போது கரையும் பொருள், மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துக் கனமாக்கி அடியில் இறக்குகிறது. கடையில் விற்கும் ‘கிளாரிஃபையர்’ செய்வதும் அதே வேலைதான். குடிநீர்ப் பானையில் தெளிந்ததை இறுத்துக்கொள்கிறோம், வண்டலைக் கொட்டிவிடுகிறோம். தொட்டியில் அந்த வண்டல் அங்கேயேதான் கிடக்கும், கொட்டையின் சத்தும் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். மண் கலங்கலுக்கு, தொட்டிக்கு வெளியே பக்கெட்டில் இழைத்துத் தெளிய வைத்து ஊற்றினால் குற்றமில்லை.

படிகாரத்தை மீன் இருக்கும் தொட்டியில் போடவே வேண்டாம். அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.ஹெச்.சை இறக்கும், மென்னீராக இருந்தால் கரைந்த அலுமினியம் செவுளைத் தாக்கும். பாசிக் கலங்கலுக்கும் பாக்டீரியாக் கலங்கலுக்கும் இவை எதுவும் மருந்தல்ல. துகளை இறக்கினாலும் அதை உண்டாக்கும் காரணம் தண்ணீரிலேயே இருக்கும்.

கேள்வி: எங்கள் தொட்டி எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். மாதம் ஒரு முறை மீன்களைப் பக்கெட்டில் எடுத்து, கல், ஃபில்டர் ஸ்பான்ஜ், பொம்மை எல்லாவற்றையும் குழாயில் நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்துத்தான் போடுவோம். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஒன்றிரண்டு போய்விடுகிறது. தண்ணீரில் குறையே தெரியவில்லையே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. நைட்ரைட்டுக்கும் கிடையாது. தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. உங்கள் தொட்டியில் அதுதான் நடக்கிறது. முதல் பதிலில் சொன்ன, 6 வாரம் எடுத்து நிலைபெறும் பாக்டீரியா வாழும் இடம் அந்த ஸ்பான்ஜும் கல்லும்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாதியைக் கொல்லும், வெயில் மீதியைக் கொல்லும். மாதாமாதம் புதுத் தொட்டி ஆரம்பிக்கிறீர்கள், அதுவும் முழு எண்ணிக்கை மீன்களோடு.

இன்றைக்கு மீன் வாய் பிளந்துகொண்டிருந்தால்: பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். ஏர் ஸ்டோனைக் கூட்டி வையுங்கள். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். பட்டினியால் மீன் சாகாது. 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து விடுங்கள், 2 அடி தொட்டிக்கு ஒரு டீஸ்பூன். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுந்தால் ரத்தம் ஆக்சிஜனைத் தூக்க முடியாமல் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். உப்பிலுள்ள குளோரைடு அதே வாசலில் முண்டியடித்து நைட்ரைட்டை உள்ளே விடாது. இதற்கு இந்தக் கொஞ்சம் உப்பே போதும், கைப்பிடி கணக்கில் கொட்ட வேண்டாம்.

அம்மோனியா அளவை மட்டும் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது, பி.ஹெச்.சோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 28 டிகிரி தண்ணீரில், பி.ஹெச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.ஹெச். 8 என்றால் 6.5 சதவீதம். 8.5 என்றால் 18 சதவீதம். போர் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் 8ஐ ஒட்டியே நிற்பதால், ‘1 பி.பி.எம்.தானே’ என்று விட முடியாது. சோதனைக்குப் பட்டைகளைவிடச் சொட்டு மருந்துக் கிட் நம்பகமானது. நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். அடியில் உறைந்துகொள்ளும் மருந்து அது. குலுக்காமல் சோதித்து ‘நைட்ரேட்டே இல்லை’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய.

இனி கழுவும் முறை. வாரம் ஒரு முறை 25 முதல் 30 சதவீதம் மட்டும், அடிக்கல்லில் டியூபை ஊன்றி அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பான்ஜை நாலு தடவை பிழியுங்கள். பழுப்பு நிறம் முழுசாகப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும். ஸ்பான்ஜ் பிழிகிற வாரம் கல்லைத் தொடாதீர்கள். மீனைப் பிடித்து வெளியே எடுக்கவே தேவையில்லை.

குளோரினுக்கு: ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு 1 மில்லி விட்டுக் கலக்குங்கள். கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று நீலமோ வெள்ளையோ சின்ன பாட்டிலில் வருவதிலும் பெரும்பாலும் இதுதான் சரக்கு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு சம்ப் கழுவிய வாரத்தில் அந்தத் தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி ஜாடியில் 2 கோல்டு ஃபிஷ். மூன்று நாளுக்கு ஒரு முறை கலங்கி நாற்றம் வருகிறது. என்ன மருந்து?
— வாசகர், சேலம்

பதில்: பெரிய தொட்டி. கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன், ஒழுங்காக வளர்ந்தால் உள்ளங்கையை நிரப்பும். இரண்டுக்கு 100 லிட்டராவது வேண்டும். ஜாடியில் மணி பிளான்ட் வையுங்கள், அழகாக இருக்கும்.

கேள்வி: ஜன்னலோரம் 3 அடி தொட்டி. தண்ணீர் கீரைச் சாறு மாதிரி பச்சை; கை விட்டால் விரல் தெரியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினால் ஐந்து நாளில் மறுபடி அதே பச்சை. மீன்கள் மட்டும் ஜோராக இருக்கின்றன.
— வாசகர், மதுரை

பதில்: ஜோராக இருப்பதில் ஆச்சரியமில்லை. பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதலல்ல. அந்தப் பாசி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் தின்கிறது, பகலில் ஆக்சிஜனும் விடுகிறது. குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் இதை வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். ராத்திரியில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வருகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். நமக்குத்தான் மீன் தெரிய வேண்டும்.

பாசிக்குத் தேவை வெளிச்சமும் உரமும். தண்ணீர் மாற்றுவதால் இரண்டும் குறையவில்லை. போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் புது உரம் ஊற்றுகிறீர்கள் என்றே அர்த்தம். முதலில் தொட்டியின் நாலு பக்கமும் மேலும் கறுப்புத் துணியோ நாலு மடிப்பு செய்தித்தாளோ சுற்றி 4 நாள் முழு இருட்டில் வையுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. விளக்கு அணைந்தே இருக்கட்டும், ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும், தீனி வேண்டாம். பாசி மடியும்போது ஆக்சிஜனைக் குடித்து அம்மோனியா விடும், அதனால் ஏர் பம்ப் இல்லாமல் இதைச் செய்தால் மீனை இழப்பீர்கள். 5ஆம் நாள் திறந்து 50 சதவீதம் மாற்றி, பஞ்சை அலசுங்கள்.

பிறகு ஜன்னல் வெயில் தொட்டியில் விழாமல் திரை போடுங்கள் அல்லது தொட்டியை நகர்த்துங்கள். தண்ணீரோடு நகர்த்த நினைக்காதீர்கள். 36 × 15 × 18 அங்குலத் தொட்டி 159 லிட்டர். எடை 160 கிலோவைத் தாண்டும், அடிக்கண்ணாடி விரிசல் விடும். எல்.இ.டி. 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு டைமர் பிளக் வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை. மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும்படி விட்டால் நைட்ரேட்டை அது எடுத்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் 9 வாட் யு.வி. விளக்கு போடுங்கள், ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதன் ஒளியை நேராகப் பார்க்காதீர்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறத்தாழ 8,000 மணி நேரத்தில் வீரியம் போய்விடும்.

கேள்வி: ஒன்றரை வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லாத தொட்டி. சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றுவோம். தண்ணீர் ஆவியாகக் குறைந்தால் நிரப்புவதோடு சரி, மாற்றி மாதக்கணக்காகிறது. போன வாரம் லேசாகக் கலங்கிய மாதிரி இருந்ததால் அப்பார்ட்மென்ட் போர் தண்ணீரால் பாதி மாற்றினேன். மறுநாள் காலை பாதி மீன் செத்துக் கிடந்தது. போர் தண்ணீரில் விஷமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விஷம் உங்கள் தொட்டியிலேயே இருந்தது, அதை எழுப்பிவிட்டது போர் தண்ணீர். அனுபவம் உள்ளவர்களையே ஏமாற்றும் விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சிறுவாணி மென்னீர். குடிக்க ருசி, ஆனால் அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அதில் கொஞ்சம்தான். அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலையில் பாக்டீரியா அமிலத்தை விடுகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தன்மை செலவாகும். நீங்கள் தண்ணீர் மாற்றாததால் செலவு மட்டும் நடந்தது, வரவு இல்லை. கார்பனேட் தீர்ந்ததும் பி.ஹெச். சரிந்து 6ஐத் தொட்டிருக்கும். அந்த அமிலத்தில் அதே பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் மீன் சாகாது. ஏனென்றால் பி.ஹெச். 6இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இல்லை. மீதி எல்லாம் அம்மோனியம் என்ற சாது வடிவில் கிடக்கும்.

அதில் கடினமான போர் தண்ணீரைப் பாதி ஊற்றினீர்கள். பி.ஹெச். 8ஐ நோக்கி ஏறியது. அங்கே ஆயிரத்தில் 65 பங்கு நஞ்சு. மொத்த அம்மோனியா பாதியாகக் குறைந்தும், நஞ்சு பல மடங்கு ஏறிவிட்டது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஒரே அடியாக உயர்ந்த அதிர்ச்சி வேறு. ‘பழைய தண்ணீர்தான் மீனுக்கு ராசி, மாற்றினால் செத்துப்போகும்’ என்று ஒரு நம்பிக்கை உண்டே, அது பிறந்ததும் இப்படித்தான்.

பிழைத்திருக்கும் மீன்களுக்கு: சிறுவாணித் தண்ணீரால், குளோரின் நீக்கி, உடனே 40 சதவீதம் மாற்றுங்கள். அம்மோனியாவும் குறையும், பி.ஹெச்.சும் மெதுவாக இறங்கும். பிறகு தினமும் 10 சதவீதம் வீதம் 10 நாள். அம்மோனியா பூஜ்யம் காட்டிய பிறகுதான் கார்பனேட் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதே கதை. கிளிஞ்சலைக் கொதிக்க வைத்து அலசி, 100 லிட்டருக்கு 100 கிராம் அளவு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் அமிலமானால் மட்டும் கரையும். தானே நிதானிக்கும் சரக்கு. சீக்கிரம் வேண்டுமானால் ஆப்பச்சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.ஹெச். (கார்பனேட்டின் அளவு) ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், 4 டிகிரியில் நிறுத்துங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் ஆவியாகிக் குறைவதை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே கெட்டியாகிக்கொண்டிருக்கும்.

கேள்வி: போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,200. அதனால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை (டி.டி.எஸ். 40) மட்டும் ஊற்றலாமா?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: தனியாக ஊற்றினால் கோவை வாசகரின் நிலைமை உங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும், ஆர்.ஓ.வில் கார்பனேட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கலந்து ஊற்றுங்கள். கணக்கு எளிது: வேண்டிய டி.டி.எஸ்.சிலிருந்து ஆர்.ஓ.வின் டி.டி.எஸ்.சைக் கழியுங்கள். போரின் டி.டி.எஸ்.சிலிருந்தும் அதையே கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 300 வேண்டும் என்றால் 260ஐ 1,160ஆல் வகுக்க 0.22. அதாவது 100 லிட்டரில் 22 லிட்டர் போர், 78 லிட்டர் ஆர்.ஓ.

ஆனால் டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பது எவ்வளவு என்று சொல்லுமே தவிர, என்ன என்று சொல்லாது. கடலோரப் பக்கத்துப் போரில் பெரும்பகுதி வெறும் உப்பாகவும் இருக்கலாம். கலந்த பிறகு கே.ஹெச். சோதித்து 3க்குக் கீழ் இருந்தால் கிளிஞ்சல் பை வையுங்கள். மோலி, கப்பி வளர்க்கிறீர்கள் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அவை கடினத் தண்ணீரில் குஷியாக இருக்கும், பாதிக்குப் பாதி போதும். ஆர்.ஓ. கழிவுநீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள், தரை துடையுங்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட மரக்கட்டையால் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டையிலிருந்து கரையும் டானின் என்ற சாயம். மீனுக்குக் கெடுதலில்லை; ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதற்காகவே நாட்டு வாதுமை இலையைப் போடுகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் கட்டையை எடுத்து ஒரு மணி நேரம் வீதம் மூன்று முறை, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வையுங்கள். மிச்ச நிறத்தை ஆக்டிவேட்டட் கார்பன் இழுத்துவிடும். மூன்று நாலு வாரத்தில் கார்பன் நிரம்பிவிடும், எடுத்துப் போட்டுவிடுங்கள். மேலே வெள்ளையாக வழவழப்பாகப் படர்வது சில வாரத்தில் தானாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: தண்ணீருக்கு மேல் எண்ணெய் ஏடு மாதிரி படிகிறது. தொட்டி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிறது.
— வாசகி, திருச்சி

பதில்: பாதி தாளிப்பு எண்ணெய், பாதி தீனியின் கொழுப்பும் புரதமும். அச்சில்லாத டிஷ்யூ தாளைத் தண்ணீர் மேல் விரித்து ஒரு ஓரமாக இழுத்தெடுத்தால் ஏடு கூடவே வரும். ஃபில்டரின் வாயை நீர்மட்டத்துக்குத் திருப்பி மேற்பரப்பு சதா அலையடிக்கும்படி வைத்தால் மறுபடி படியாது.

இதைவிட முக்கியம், அந்த ஹாலில் கொசுவர்த்தியோ கொசு லிக்விடோ போடுகிறீர்களா? அவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்து மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. கரப்பான் ஸ்ப்ரே அடிக்கும்போது தொட்டியை மூடி, பம்பை நிறுத்தி, அறையைக் காற்றோட்டம் விட்ட பிறகு ஓட்டுங்கள். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரன்ட் மாலை 5க்குத்தான் வந்தது. கேனிஸ்டர் ஃபில்டரை ஓட விட்டதும் கறுப்பாக ஒரு கலங்கல், அழுகிய முட்டை நாற்றம். என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: கேனிஸ்டர் மூடிய டப்பா. மோட்டார் நின்றதும் உள்ளே அடைபட்ட தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியா கொஞ்ச நேரத்திலேயே தீர்த்துவிடும். பிறகு உள்ளே அழுகல்தான். 8 மணி நேரம் கழித்து நேராக ஸ்விட்சைப் போட்டதால் அது மொத்தமும் தொட்டிக்குள் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், போடும் முன் குழாயைக் கழற்றி உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வாழும் ஸ்பான்ஜ் போன்றவை) தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு ஓட்டுங்கள். இப்போதைக்கு 40 சதவீதம் மாற்றி, ஒரு வாரம் அம்மோனியா பாருங்கள். பாக்டீரியாவில் ஒரு பங்கு செத்திருக்கும்.

பராமரிப்பு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலை தீனி போடாதீர்கள். கரன்ட் போனதும் மீடியா கூடையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் ஏர் ஸ்டோனோடு வைத்தால் பாக்டீரியா பிழைக்கும். அதற்கும் தொட்டிக்குமாக இரண்டு வாய் உள்ள, சார்ஜ் ஏறும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மே மாதத்தில் இது கட்டாயம்: 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3தான், சூட்டில் மீனுக்கோ கூடுதலாக வேண்டும். பம்ப் இல்லாதவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து அதிலேயே திரும்ப ஊற்றுங்கள்.